போஸ்ட்கிரெஸ் என்னும் பதிவுக் களஞ்சியம்

மனிதன் நினைவு நெடுநாள் நில்லாது. எழுதி வைத்த ஏடே நிற்கும். ஆயினும், எழுதி வைத்த ஏடு முறை பிறழ்ந்ததாயின் அஃது இல்லாத ஏட்டினும் பெருங்கேடு விளைப்பதாகும். என்னை? இல்லாத ஏடு ஒன்றும் கூறாது. முறை பிறழ்ந்த ஏடோ பொய் கூறும். இவ்வுண்மையை யான் நூலிற் கற்றேனல்லேன்; என் கைப்பிழையாற் கற்றேன்.

சென்ற ஆண்டு நம் நூல்நிலையத்தார், இம்மலரின் பழைய இதழ்களில் வெளிவந்த தமிழ்க் கட்டுரைகளுக்கும் செய்யுட்களுக்கும் ஒரு பட்டியல் ஆக்கித் தருமாறு தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவர் சிலரைப் பணித்தனர். தலைப்பு, ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்கம் என்னும் நான்கனையும் கணிப்பொறியில் விரிதாள் ஒன்றிற் பதிந்து வந்தோம். மூன்று திங்கள் உழைப்பு நிறைவெய்தும் தறுவாயில், ஒரு நாள் மாலை, ஆசிரியர் பெயர்களை அகர வரிசைப்படுத்த விரும்பிய யான், பெயர்ப் பத்தியை மட்டும் தெரிந்தெடுத்து வரிசைப்படுத்தினேன். பொறி ஏதோ ஒரு வினாவை வினவிற்று. அதனைப் படியாமலே உடன்பட்டேன். பெயர்கள் அழகாக வரிசையுற்றன. தலைப்புக்களோ இருந்த இடத்திலேயே இருந்தன. ஒருவர் எழுதியது பிறர் ஒருவர் பெயரைத் தாங்கி நின்றது. அதனை அறியாமல் சேமித்து வைத்து விட்டுச் சென்றேன். ஒரு கிழமைக்குப் பின் எங்கள் பேராசிரியர் அப்பட்டியலைப் புரட்டுங்கால், தம் ஆசிரியர் இளமையில் எழுதிய கட்டுரை ஒன்று அன்னார் பெயரின்றி வேறொருவர் பெயரோடு நிற்பதைக் கண்டனர். அவர் சினந்தாரல்லர். “இறந்தோர் எழுந்து வந்து, இஃது எனது என்று வழக்குரைக்க மாட்டார், தம்பி” என்று மட்டுமே கூறினர். அச்சொல் சினத்தினும் மிகுதியாகச் சுட்டது.

பிழை என்னுடையதே. ஆயினும், தலைப்பையும் ஆசிரியரையும் ஒரு நொடியிற் பிரித்து விடுதற்கு இடந்தந்த ஏட்டின் அமைப்பும் அதற்குத் துணை போயிற்று. கணிப்பொறியியல் துறையைச் சார்ந்த மூத்த மாணவர் ஒருவர் இதனை எடுத்துக்காட்டி, இத்தகைய பணிக்கென்றே அமைந்த போஸ்ட்கிரெஸ் எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தளத்தை எமக்கு அறிமுகஞ் செய்தனர். அதன் வரலாற்றையும், அமைப்பையும், அண்மைக்காலத்து வளர்ச்சியையும், தமிழ் மாணவன் ஒருவன் உணர்ந்த அளவில் ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆராய்ச்சிக் கூடத்திற் பணிபுரிந்த எட்கர் காட் என்னும் ஆங்கிலேய அறிஞர், 1970-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதற்கு முன்னர், கணிப்பொறியிற் பதிந்த செய்தி ஒன்றைக் காண வேண்டின், அது பொறியின் எவ்விடத்தில், எச்சங்கிலியின் எக்கண்ணியில் வைக்கப்பட்டுள்ளது என்பதை வினவுவோனே அறிந்திருத்தல் வேண்டும். காட் அம்முறையை மாற்றினர். எல்லாச் செய்தியையும் அட்டவணைகளாக வகுத்து வைத்திடுக. வேண்டுவது யாது என்று மட்டும் கூறுக. அதனை எவ்வழியே எடுப்பது என்பதைப் பொறியே தேர்க என்பது அவர் கொள்கையின் சாரம். அட்டவணை என்பது கணிதத்தில் தொடர்பு எனப்படும் அமைப்பாதலால் இதனைத் தொடர்புசார் தரவுத்தளம் என்பர். இத்தொண்டிற்காக அவர்க்கு 1981-ஆம் ஆண்டில் டியூரிங் பரிசு வழங்கப்பெற்றது.

இக்கொள்கையில் என் பிழைக்கு நேரிய மருந்து ஒன்று உண்டு. இவ்வட்டவணையில் ஒரு வரி என்பது பிரிக்கலாகாத ஒரு முழுமை. தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் பக்கமும் சேர்ந்ததே ஒரு செய்தி. வரிகளுக்கென்று இயற்கையான வரிசை ஒன்றும் இல்லை. வரிசை என்பது காண்போன் வேண்டும்பொழுது, காட்டும் நேரத்தில் அமைத்துக் கொள்வதேயன்றி, வைப்பில் உள்ளதன்று. ஆகவே, வரிசைப்படுத்துதல் என்னும் செயலால் உள்ளிருக்கும் உண்மை ஒரு சிறிதும் அசையாது.

அன்றியும், ஆசிரியர்க்கு ஓர் அட்டவணையும், கட்டுரைக்கு ஓர் அட்டவணையும் தனித்தனியே அமைத்து, ஆசிரியர் எண்ணால் இரண்டனையும் பிணைக்கலாம். அங்ஙனம் பிணைத்தபின், ஆசிரியர் அட்டவணையில் இல்லாத ஒருவர் எண்ணைக் கட்டுரையோடு சேர்க்க முயன்றால் பொறி மறுத்து விடும். புனைபெயரில் எழுதியவர் இன்னார் எனப் பின்னர்த் தெரியவரின், ஓரிடத்தில் திருத்தினாற் போதும்; எல்லாவிடத்தும் திருந்தும்.

காட் வகுத்த கொள்கையைச் செயலிற் காட்ட முற்பட்டோருள், கலிபோர்னியாவின் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜீன் வாங் என்னும் இருவரும் தலையாயவர். அவர் 1973-ஆம் ஆண்டு முதல் இங்க்ரெஸ் என்னும் தரவுத்தளத்தை ஆக்கினர். பின்னர் 1986-ஆம் ஆண்டில் ஸ்டோன்பிரேக்கர் தொடங்கிய புதிய முயற்சி, இங்க்ரெஸுக்குப் பிற்பட்டது என்னும் பொருள்படப் போஸ்ட்கிரெஸ் எனப் பெயர் பெற்றது. அம்முயற்சி 1994-ஆம் ஆண்டில் 4.2 என்னும் பதிப்போடு பல்கலைக்கழகத்தில் முடிவுற்றது. ஆயினும் வித்து அழியவில்லை. ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் பட்ட மேற்படிப்பு மாணவர் இருவர், உலகெங்கும் வழங்கிய எஸ்.கியூ.எல். என்னும் வினவல் மொழியை அதனிற் சேர்த்துப் போஸ்ட்கிரெஸ் 95 என வெளியிட்டனர். 1996-ஆம் ஆண்டில் அது போஸ்ட்கிரெஸ் எஸ்.கியூ.எல். என்னும் இன்றைய பெயரைப் பெற்றது. அன்று முதல் பல நாட்டுத் தொண்டர்கள் கூடி அதனை வளர்த்து வருகின்றனர். ஆசிரியர் விட்ட பணியை மாணவர் இருவர் எடுத்து நடத்தியிராவிடின் இன்று இக்கட்டுரைக்குப் பொருளே இல்லை என்பதை நம் மாணவத் தோழர்கள் கருத்திற் கொள்வாராக. இதன் சின்னம் யானை. ஸ்லோனிக் என்பது அதன் பெயர். ருசிய மொழியில் அது யானைக்கன்று எனப் பொருள்படும். மறவா நினைவுக்கு யானையை எடுத்துக்காட்டாகக் கூறுவது உலக வழக்கு. பதிவு காக்கும் பொறிக்கு இச்சின்னம் ஏற்புடைத்தே.

இருவகைக் காவல்

அண்மைக்கால வளர்ச்சியைக் கூறுமுன், இத்தரவுத்தளத்தின் உயிர்நிலையாய இரண்டு அமைப்புக்களை விளக்குதல் இன்றியமையாதது.

முதலாவது, நாள்வழி. நம் ஊர் வணிகர் அன்றாட வரவு செலவை முதலில் நாள்வழிக் கணக்கில் எழுதிப் பின்னரே பேரேட்டிற் பெயர்த்தெழுதுவர். பேரேடு எழுதுங்கால் விளக்கு அணைந்து போயினும் கேடில்லை; நாள்வழி இருக்கின்றது. போஸ்ட்கிரெஸும் அவ்வாறே செய்கின்றது. எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு நாள்வழிக் கோப்பில் எழுதி, அது வட்டில் உறுதியாகப் படிந்த பின்னரே “முடிந்தது” என்று விடை கூறும். மின்சாரம் இடையில் அற்றுப்போய் மீண்டு வருங்கால், அந்நாள்வழியைப் படித்து, முடிந்தவற்றை முடிந்தனவாகவும், முடியாதவற்றை நிகழாதனவாகவும் ஆக்கி விடும். இவ்வமைப்பு 2001-ஆம் ஆண்டில் 7.1 என்னும் பதிப்பில் வந்தது. பல செயல்களை ஒரு முடிச்சாகவும் கட்டலாம். நூல்நிலையத்தில் ஒரு நூலை ஒருவர் பெயரிற் பற்று எழுதுதலும், இருப்பிற் குறைத்தலும் ஆகிய இரண்டும் சேர நிகழும், அல்லது இரண்டும் நிகழா. ஒன்று நிகழ்ந்து மற்றொன்று நிகழாதொழிதல் என்பது இல்லை. இம்முடிச்சைப் பரிவர்த்தனை என்பர்.

இரண்டாவது, பல்படி வைப்பு. ஒரே நேரத்தில் ஒருவர் திருத்தவும் ஒருவர் படிக்கவும் நேரின் யாது செய்வது? படிப்போரை நிறுத்தி வைப்பது ஒரு வழி. போஸ்ட்கிரெஸ் அதனை மேற்கொள்ளவில்லை. ஒரு வரி திருத்தப்படுங்கால் பழைய வரியை அழிக்காமல், புதிய படி ஒன்றை எழுதி வைக்கின்றது. முன்னரே படிக்கத் தொடங்கியோர் பழைய படியையே காண்பர்; பின்னர் வந்தோர் புதிய படியைக் காண்பர். எழுதுவோர் படிப்போரைத் தடுப்பதில்லை. படிப்போர் எழுதுவோரைத் தடுப்பதில்லை. 1999-ஆம் ஆண்டின் 6.5 என்னும் பதிப்பில் இது வந்தது. ஆயின், ஒருவர்க்கும் வேண்டாத பழம்படிகள் நாளடைவிற் குப்பையாகச் சேரும். அவற்றைக் கூட்டித் தள்ளும் பணிக்கு வாக்கும் என்று பெயர். இக்குப்பை கூட்டுதலே போஸ்ட்கிரெஸின் தீராத வேலை என்பதை நினைவிற் கொண்டால், பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

அண்மைக்கால வளர்ச்சி

2010-ஆம் ஆண்டில் வெளிவந்த 9.0 என்னும் பதிப்பு ஒரு திருப்புமுனை. அதனால், ஒரு பொறியின் நாள்வழி உடனுக்குடன் பிறிதொரு பொறிக்குச் சென்று, அங்கே ஒத்த படி ஒன்று எப்பொழுதும் ஆயத்தமாக இருப்பதாயிற்று. அப்படியைப் படிப்பதற்கும் பயன்படுத்தலாயிற்று. 2014-ஆம் ஆண்டின் 9.4, அட்டவணைக்குள் அடங்காத வடிவுடைய செய்திகளையும் ஜேசன் என்னும் அமைப்பில் வைத்து விரைவிற் தேட வழி செய்தது. 2016-ஆம் ஆண்டின் 9.6, பெரிய வினவல் ஒன்றைப் பலர் பகிர்ந்து செய்தல் போலப் பல செயலிகள் பகிர்ந்து செய்ய இடந்தந்தது. 2017-ஆம் ஆண்டின் 10-ஆம் பதிப்பு, மிகப் பெரிய அட்டவணையை ஆண்டுவாரியாகவோ பிறவாறோ பகுத்து வைத்தலையும், வேண்டிய அட்டவணைகளை மட்டும் தெரிந்து பிற பொறிக்கு அனுப்புதலையும் எளிதாக்கிற்று. 2022-ஆம் ஆண்டின் 15-ஆம் பதிப்பில், உள்ளதைத் திருத்துதல், இல்லதைச் சேர்த்தல் ஆகியவற்றை ஒரே கட்டளையால் முடிக்கும் மெர்ஜ் என்னும் ஏவல் சேர்க்கப்பட்டது.

2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 17-ஆம் பதிப்பின் சிறப்புக்களுள் இரண்டனை ஈண்டு எடுத்துக்கொள்வாம். மேலே கூறிய குப்பை கூட்டும் பணியில், எவ்வெவ்விடத்துப் பழம்படி உள்ளது என்னும் பட்டியலைப் பொறி தன் நினைவகத்தில் வைத்திருத்தல் வேண்டும். முன்னர் அப்பட்டியல் நீண்ட வரிசையாக இருந்தது. பேரட்டவணைகளில் நினைவகம் போதாமையால், இன்டெக்ஸ்கள் அனைத்தையும் ஒரே கூட்டலில் மீண்டும் மீண்டும் துருவ நேர்ந்தது. 17-ஆம் பதிப்பில் அப்பட்டியல் கிளைவிட்ட மர வடிவில் அமைக்கப்பட்டமையால், தேவைப்படும் நினைவகம் இருபதில் ஒரு பங்களவிற்கும் குறைதல் கூடும் என அதனை ஆக்கினோர் அறிவித்தனர். மற்றொன்று காப்புநகல் பற்றியது. முன்னரெல்லாம் போஸ்ட்கிரெஸின் சொந்தக் கருவியாற் காப்புநகல் எடுக்குந்தோறும் களஞ்சியம் முழுவதையும் படியெடுக்க வேண்டும். இப்பொழுது, சென்ற நகலுக்குப் பின் மாறியவற்றை மட்டும் எடுத்து வைத்து, வேண்டும்பொழுது எல்லாவற்றையும் இணைத்து முழுமை ஆக்கலாம். காப்புநகல் எடுத்தல் அரிதாயிருப்பின் மக்கள் அதனை நாளைக்கென்று ஒத்தி வைப்பர். எளிதாயின் இன்றே செய்வர். எம்முடைய பட்டியலுக்கு அன்று முன்னாள் நகல் ஒன்றேனும் இருந்திருப்பின், மூன்று திங்கள் உழைப்பை மீண்டும் செய்ய நேர்ந்திராது.

2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் 18-ஆம் பதிப்பு வெளிவந்தது. இதன் தலைமையான மாற்றம் வட்டிலிருந்து படிக்கும் முறையில் நிகழ்ந்தது. முன்னைய வழக்கம், நூல்நிலையத்திற்குச் சென்று ஒரு நூலைக் கேட்டு, அது வரும்வரை காத்திருந்து, பெற்ற பின்னரே அடுத்த நூலைக் கேட்பதை ஒக்கும். புதிய முறையில், வேண்டிய நூல்கள் பலவற்றையும் ஒருங்கே சீட்டெழுதிக் கொடுத்துவிட்டு, வந்தவற்றை வந்தபடி படிக்கத் தொடங்கலாம். அட்டவணை முழுவதையும் துருவும் வினவல்களுக்கும் வாக்கும் பணிக்கும் இதனாற் பெரும்பயன் உண்டு. வட்டிலிருந்து படித்தலில் மும்மடங்கு வரை விரைவு கண்டதாக வெளியீட்டு அறிக்கை கூறுகின்றது. எழுதுதலுக்கு இம்முறை இப்பதிப்பில் விரிக்கப்படவில்லை.

இன்டெக்ஸ் பற்றிய மாற்றம் ஒன்றும் அறியத்தக்கது. நூலிறுதியில் உள்ள பொருட்குறிப்பகராதி போன்றதே தரவுத்தளத்தின் இன்டெக்ஸ். துறையை முதலாகவும் ஆண்டை அடுத்ததாகவும் வைத்து அமைத்த இன்டெக்ஸ் ஒன்று உளதாகக் கொள்வோம். துறையைக் கூறாது ஆண்டை மட்டும் கூறி வினவின், முன்னைய பதிப்புக்களில் அதனாற் பெரும்பயன் விளைவதில்லை. 18-ஆம் பதிப்போ, துறைகள் சிலவே என்பதை அறிந்து, ஒவ்வொரு துறைக்கும் தாவிச் சென்று, அவ்வாண்டை மட்டும் தொட்டு எடுக்கின்றது. அகராதியின் எல்லாப் பக்கத்தையும் புரட்டாமல், ஒவ்வோர் எழுத்தின் தலைப்பிலும் விரலை வைத்துத் தாவுதல் போல்வது இது.

காலத்தைக் காக்கும் விதி ஒன்றும் இப்பதிப்பில் வந்தது. மாணவர் விடுதியில் ஓர் அறை சூன் முதல் டிசம்பர் வரை ஒருவர்க்கு உரியது எனப் பதிந்திருப்பின், அக்டோபர் முதல் மார்ச்சு வரை அதே அறையை மற்றொருவர்க்கு எழுதப் புகின், காலம் ஒன்றன்மேல் ஒன்று படிதலால் பொறி மறுக்கும். இத்தகைய தடையை முன்னரும் அமைக்கலாம். இப்பொழுது அது அட்டவணையின் முதன்மைச் சாவியிலேயே எளிய சொற்களால் அமைகின்றது. புதிதாக ஆக்கப்படும் களஞ்சியங்களில், வட்டிற் படிந்த எழுத்துச் சிதைந்ததா என்று ஒவ்வொரு பக்கத்திற்கும் கூட்டுத்தொகை வைத்துச் சரிபார்த்தலும் இப்பதிப்பு முதல் இயல்பாகவே நடைபெறும். பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறுங்கால், எவ்வழியே தேடல் நன்று என்பதைப் பொறி கற்று வைத்திருந்த புள்ளிவிவரங்களிற் பெரும்பாலானவை இழக்கப்படாமல் உடன் வருதலும் ஒரு நன்மை.

எழுத்து முறைவைப்பு

இனித் தமிழ் மாணவர்க்கே உரிய ஒரு செய்திக்கு வருவோம். எங்கள் பட்டியலைப் போஸ்ட்கிரெஸில் மீண்டும் பதிந்து முடித்து, ஆசிரியர் பெயர்களை வரிசைப்படுத்தி அச்சிட்டு, பெருமையோடு பேராசிரியர் கையிற் கொடுத்தோம். அவர் இரண்டு பக்கம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தனர். “னகரம் பகரத்திற்கு முன் வந்தது எவ்விலக்கணத்தால்?” என்பது அவர் வினா. பார்த்தோம், மெய்தான். மனோகரம் எனத் தொடங்கும் பெயர் மயில்வாகனத்திற்கு முன் நின்றது. வள்ளி வழிநடைக்கு முன் நின்றாள்.

இதன் காரணத்தைத் தேடினோம். உலக மொழிகளின் எழுத்துக்களுக்கெல்லாம் எண் வகுத்த யூனிகோடு என்னும் முறை, இந்திய மொழிகளின் எழுத்துக்களை ஒன்றற்கொன்று நேராக அமையுமாறு தேவநாகரி வரிசையைத் தழுவி வைத்தது. எனவே னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், லகர ளகர ழகரங்கள் அம்முறையே வகரத்தின் முன்னும் இடம்பெற்றன. தொல்காப்பியர் அகரத்தை முதலாகவும் னகரத்தை இறுதியாகவும் கொண்டு எழுத்துக்களை முறைப்படுத்தினர். அவ்விறுதி எழுத்து, எண் வரிசையிற் பகரத்திற்கு முன்னேறி விட்டது. எண் வரிசையே அகர வரிசை என்று கொண்டது எங்கள் பிழை. எண் என்பது எழுத்தை அடையாளங் காட்டுதற்கு மட்டுமே உரியது. வரிசை மொழிக்கு மொழி வேறுபடும்.

இக்குறையைத் தீர்க்கும் வழியும் போஸ்ட்கிரெஸிலேயே உண்டு. ஐ.சி.யு. என்னும் பொதுநூலகம், மொழிதோறும் வழங்கும் அகராதி வரிசைகளைத் தன்னகத்தே கொண்டது. 2017-ஆம் ஆண்டின் 10-ஆம் பதிப்பு முதல் அதனைப் போஸ்ட்கிரெஸிற் பயன்படுத்தலாம். 15-ஆம் பதிப்பு முதல் களஞ்சியம் முழுமைக்குமே அவ்வரிசையை இயல்பாக வைத்துக் கொள்ளலாம். வரிசைப்படுத்தும் கட்டளையின் இறுதியில் தமிழ் வரிசை வேண்டும் என ஒரு சொல் சேர்த்தோம். யகரம் முதல் வகரம் வரை முடிந்து, ழ, ள, ற, ன என எழுத்துக்கள் தத்தம் இடத்தில் வந்து அமர்ந்தன. ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துக்கள் அவற்றின் பின் நின்றன.

வரிசை என்பது அழகு பற்றியது மட்டும் என்று எண்ணற்க. இன்டெக்ஸ் என்பதே வரிசையின்மேற் கட்டிய மாளிகை. 2018-ஆம் ஆண்டில் லினக்ஸ் இயங்குதளங்களிற் பெரும்பாலும் வழங்கும் ஜிலிப்சி என்னும் அடிப்படை நூலகத்தின் 2.28 என்னும் பதிப்பு, எழுத்து வரிசை விதிகளைப் பெரிதும் மாற்றிற்று. இயங்குதளத்தைப் புதுப்பித்தோர் பலர், தம் இன்டெக்ஸ்கள் பழைய வரிசையில் இருக்க, தேடல் புதிய வரிசையில் நடப்பதை அறியாதிருந்தனர். அகராதியை ஒரு வரிசையில் அச்சிட்டு, வேறொரு வரிசையில் தேடினால் யாது நிகழும்? உள்ள சொல்லே இல்லை என்று முடிவாகும். அவ்வாறே, களஞ்சியத்தில் உள்ள பெயரைப் பொறி இல்லை என்று கூறவும், ஒருமுறையே இருக்க வேண்டிய பெயர் இருமுறை புகவும் நேர்ந்தது. இதனாலன்றோ, போஸ்ட்கிரெஸ் இப்பொழுது வரிசை விதியின் பதிப்பெண்ணைக் குறித்து வைத்து, அது மாறியிருப்பின் எச்சரிக்கின்றது. 17-ஆம் பதிப்பில், வெளி நூலகம் எதனையும் சாராமல் என்றும் மாறாத எண் வரிசை ஒன்றையும் தன்னுள்ளேயே அமைத்துக் கொண்டது. வைப்பிற்கு மாறா வரிசையும், காட்சிக்குத் தமிழ் வரிசையும் கொள்ளுதலே நன்று என்பது எங்கள் துணிபு, அவ்வாறே செய்துள்ளோம்.

உடைமை யாருடையது?

இத்துணைப் பயனுடைய மென்பொருளின் விலை யாது என்று வினவுவார்க்கு, விலை இல்லை என்பதே விடை. அதன் மூல நிரல் யாவர்க்கும் திறந்து கிடக்கின்றது. படிக்கலாம், திருத்தலாம், படியெடுக்கலாம், விற்கவும் செய்யலாம். பதிப்புரிமைக் குறிப்பைக் காத்தல் ஒன்றே நிபந்தனை. எந்த ஒரு நிறுவனமும் இதற்கு உடையவர் அன்று. பல நிறுவனத்தார் ஊதியம் தந்து ஆட்களை இப்பணியில் அமர்த்தினும், ஒருவர் எழுதிய மாற்றத்தைப் பிறர் வெளிப்படையாக ஆராய்ந்த பின்னரே ஏற்பர். பெரும்பதிப்பு ஆண்டுக்கொன்று, ஒவ்வொன்றற்கும் ஐந்தாண்டு பேணுதல் என்பது அவர் கொண்ட ஒழுங்கு.

உடைமை பற்றிய இச்செய்தி சிறிதன்று என்பதற்கு மைஎஸ்கியூஎல் என்னும் பிறிதொரு திறமூலத் தரவுத்தளத்தின் வரலாறு சான்று. அதனை ஆக்கிய நிறுவனத்தை 2008-ஆம் ஆண்டில் சன் நிறுவனம் வாங்கிற்று. 2010-ஆம் ஆண்டில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிற்று. எதிர்காலம் யாதாகுமோ என்று அஞ்சிய அதன் முதலாசிரியர், 2009-ஆம் ஆண்டிலேயே மரியாடிபி என்னும் கிளையைத் தனியே பிரித்தனர். மைஎஸ்கியூஎல் இன்றும் வளர்ந்து வருவதே; ஆயினும், ஒருவர் உடைமையாய் இருப்பது கைமாறக் கூடும் என்பதும், மூலம் திறந்திருப்பின் அதனின்றும் மீள வழியுண்டு என்பதும் இதனாற் போதரும். நூறாண்டு நிற்க வேண்டிய கல்லூரிப் பதிவுகளை எதனில் வைப்பது என ஆராய்வார்க்கு இவ்விரண்டும் கருதத்தக்கன.

குறைகளும் கடமையும்

குறை கூறாது நிறை மட்டும் கூறுதல் ஆராய்ச்சியாகாது. போஸ்ட்கிரெஸ் தன்பால் வரும் ஒவ்வொரு தொடர்புக்கும் தனித்தனியே ஒரு செயல்முறையைத் தோற்றுவிக்கின்றது. ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே வந்தால் நினைவகம் தளரும். ஆதலின் இடையில் நின்று தொடர்புகளைப் பகிர்ந்தளிக்கும் துணைப்பொறி ஒன்று வேண்டப்படும். பரிவர்த்தனைகளுக்கு இடும் எண் முப்பத்திரண்டு பிட் அளவினது. ஏறத்தாழ 429 கோடியில் அஃது ஒரு சுற்று முடிந்து மீண்டும் தொடங்கும். பழைய வரிகளை உரிய காலத்தில் உறைய வைத்தலும் வாக்கும் பணியைச் சார்ந்ததே. அதனை நெடுங்காலம் தடுத்து வைத்தோர், பொறி தன் தரவைக் காத்தற்பொருட்டுப் புதிய எழுத்தை ஏற்க மறுத்து நிற்கக் காண்பர். வீட்டை நாடோறும் கூட்டாதவன் ஒருநாள் கதவைத் திறக்கவும் இயலாதவனாவான்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. அது பொறியின் குறையன்று. தவறான பெயரை யான் தட்டச்சு செய்தால், போஸ்ட்கிரெஸ் அத்தவறான பெயரையே மின்சாரம் போயினும் கெடாமல், நகலோடும் கூட்டுத்தொகையோடும் காத்து வைக்கும். பிணைப்பு விதிகள் இல்லாத ஆசிரியரைத் தடுக்கும். இவர் எழுதியதை அவர் எழுதினார் என்று யான் பதிந்தால் தடுக்கமாட்டா. அதற்கு இதழைத் திறந்து கண்ணாற் காண்பதையன்றி வேறு வழியில்லை. ஆகவே இரண்டாம் முறை ஒவ்வொரு வரியையும் ஒருவர் படிக்க ஒருவர் ஒப்புநோக்கினோம்.

பட்டியல் இப்பொழுது நூல்நிலையத்தில் உள்ளது. பேராசிரியரின் ஆசிரியர் எழுதிய கட்டுரை அன்னார் பெயரோடு நிற்கின்றது. பேராசிரியர் அவ்வரியைத் தேடிப் பார்த்து, ஒன்றும் கூறாமல் என் தோளிற் கைவைத்துச் சென்றனர்.

ஆயினும் பணி முடிந்ததன்று. புனைபெயரில் எழுதியோர் பலர் யாரென்று அறியப்படாமல் நிற்கின்றனர். இதழ்கள் சில எங்கள் கைக்கு எட்டவில்லை. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர் தத்தம் காலத்து எழுத்தாளர் பெயர்களை நினைவுகூர்ந்து எமக்கு எழுதுவராயின், ஓரிடத்திற் பதிவோம், எல்லாவிடத்தும் திருந்தும். இறந்தோர் வழக்குரைக்க வாரார்; அவர்க்காக வழக்குரைத்தல் இருப்போர் கடமை.